வேறொருவருக்கு விற்க முடியாத சரக்கு

திருச்சி மன்னார்புரத்தில், டி.வி.எஸ். டோல்கேட் பக்கமிருந்து வரும் சர்வீஸ் ரோட்டோரம், திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாலை ஒரு கடை வாசலில் நடந்ததை நின்று பார்த்திருக்கிறேன். ஏணியின் உச்சியில் ஒருவர் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். கீழே ஒரு பையன் ஏணிக்குக் காலை முட்டுக் கொடுத்திருந்தான். கடைக்காரர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு போர்டை அண்ணாந்து பார்த்தார். அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"தம்பி, என் கார்டுல இருக்குற சிவப்பு இதுவா?"

"லைட் போட்டா எடுப்பாத் தெரியும்ண்ணே."

"அப்ப பகல்ல கடைக்கு யாரும் வர மாட்டாங்களா?"

ஏணியில் இருந்தவர் பதில் பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மெதுவாக இறங்க ஆரம்பித்தார்.

இறங்கி வந்ததும் அவர் என்ன சொல்ல வேண்டும்? தொழிலில் ஊறியவர்களுக்கு அதற்கு ஒரு பதில் உண்டு. சட்டம் ஒன்று சொல்கிறது. வாடிக்கையாளர் குறைகளையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்ட பேராசிரியர்கள் வேறொன்று சொல்கிறார்கள். மூன்றையும் ஒரு போர்டுக் கடையின் மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் இந்தத் தொழிலின் தனிக் குணத்தைப் பார்த்துவிடலாம். என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடையில் பிடிக்காத சேலையைத் திருப்பிக் கொடுத்தால், கடைக்காரர் முகம் சுளித்தாலும் மடித்து அடுக்கி அடுத்தவருக்கு விற்றுவிடுவார். பெயர்ப்பலகைக்கு அந்த வழி இல்லை. ஒருவர் பெயரை வெட்டி ஒட்டிய போர்டை உலகத்தில் இன்னொருவருக்கு விற்க முடியாது. பிரித்தால் ஜி.ஐ. பைப் பிரேம் மிஞ்சும், எல்.இ.டி. மாட்யூல்களும் பவர் சப்ளையும் மிஞ்சும். வெட்டிய அக்ரிலிக் எழுத்தும் ஏ.சி.பி. ஷீட்டும் குப்பை. வாங்கியவருக்கும் இதே கதிதான்: பாதிப் பணம் அட்வான்ஸாகப் போய்விட்டது, நாளைக்கு விழா, வேறு கடையில் ஒரே ராத்திரியில் செய்து தரமாட்டார்கள். ஆகவே இந்தச் சண்டையில் இருவருமே மாட்டிக்கொண்டவர்கள். போர்டுக்காரர் தன் பிழைப்பைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உண்மையில் குப்பையைத்தான் காப்பாற்றுகிறார். இந்தத் தொழிலில் வாடிக்கையாளரைக் கையாள்வதில் நடக்கும் பிசகுகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி, போர்டு உருவாவதற்கு முன்பே முளைத்துவிடுகிறது. அதை எழுத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கையால் எழுதிய காலத்தில் பெயின்டர் சுவரில் சுண்ணாம்பு தடவிய நூலைச் சுண்டிக் கோடு விழவைத்து, சாக்பீஸால் எழுத்துகளைக் குறித்துக்கொள்வார். கடைக்காரர் டீ கிளாஸோடு பக்கத்தில் நிற்பார். "இன்னும் கொஞ்சம் பெருசா" என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி குறிப்பது இரண்டு நிமிஷ வேலை. எனாமல் தொட்ட பிறகுதான் தகராறு. அதற்குள் பத்துப் பேர் பார்த்து, பதினைந்து யோசனை சொல்லி, தெருவே அந்த எழுத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்கும். கோவையில் சினிமா பேனர் வரைந்த குடும்பத்திலிருந்து வந்த ஓவியர் ஜீவா எழுதிய 'திரைச்சீலை' என்ற நூலுக்கு, சினிமா பற்றிய புத்தகங்களுக்கான பிரிவில் 58-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அங்கீகாரம் கிடைத்தது. அந்த பேனர்க் கலையையும் சுவர் எழுத்தையும் டிஜிட்டல் பிளெக்ஸ் சில வருஷங்களில் ஓரங்கட்டிவிட்டது. கலை போனதைப் பற்றி நிறையப் பேர் வருத்தப்பட்டு எழுதிவிட்டார்கள். டீ கிளாஸோடு நின்று பார்க்கும் அந்த இரண்டு மணி நேரமும் கூடவே போனதை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வாடிக்கையாளரின் அதிருப்தி பழுத்துக் கோபமாகும் முன்பே கரைந்துபோன நேரம் அதுதான்.

இப்போது சம்மதம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. இரவு பத்தரைக்கு ஒரு படம் போகிறது, கட்டை விரல் ஒன்று திரும்பி வருகிறது. தொழிலில் இதற்கு 'அப்ரூவல்' என்று பெயர். பின்னால் சண்டை வந்தால் "நீங்கதானேண்ணே ஓகே சொன்னீங்க" என்று போனை நீட்டிக் காட்டுவார்கள். காட்டுவதில் தப்பில்லை. ஆனால் ஆறங்குலத் திரையில் பார்த்துச் சொன்ன சம்மதம், பன்னிரண்டு அடிப் போர்டுக்கு எவ்வளவு தூரம் செல்லும்?

எழுத்துப் பிழை எப்படி நுழைகிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். வாடிக்கையாளர் போனில் 'கொங்கு மெஸ்' என்று தட்டி அனுப்புகிறார். அது யூனிகோடு குறியாக்கம். கடையில் ஓடுவது பழைய கோரல்டிரா டிசைன் மென்பொருள். அங்கே ஒட்டினால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும், இல்லாவிட்டால் வெறும் கட்டங்களாக வரும். ஆகவே டிசைனர் பையன் அதே பெயரைப் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் முதலிலிருந்து தட்டுகிறான். பிழை நுழைவது இந்தக் கணத்தில்தான். பிறகு வெட்டும் மெஷினுக்காக எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றுவான். அதன் பிறகு கம்ப்யூட்டருக்கு அது எழுத்தே அல்ல, வெறும் கோட்டுப் படம். எந்தப் பிழைதிருத்தியும் அதைப் படிக்காது. தமிழக அரசு 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ்16 முறையையும் ஏற்று ஆணையிட்டது. ஆணை வந்து இத்தனை வருஷமாகியும், கடையில் சேர்த்துவைத்த நூற்றுக்கணக்கான பழைய அலங்கார எழுத்துருக்களை விட மனமில்லாமல் போர்டு உலகம் பழைய குறியாக்கத்திலேயே தங்கியிருக்கிறது.

பிழை என்றால் சின்னதாகத்தான் இருக்கும், வலி பெரிது. கறிக்கடை கரிக்கடை ஆனால் ஊர் சிரிக்கும். 'தேநீர்' என்பதை 'தேனீர்' என்று எழுதிய போர்டுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அதை யாரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் கடைக்காரரும் அப்படித்தான் எழுதுவார். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததே தப்பாக இருந்தால் போர்டுக்காரர் திருத்தலாமா? திருத்தத்தான் வேண்டும் என்று தமிழ் வாத்தியார் சொல்வார். தொழில் தெரிந்தவர் சொல்லமாட்டார். எண்கணிதம் பார்த்து ஆங்கிலப் பெயரில் ஒரு 'ஏ'யைக் கூடுதலாகச் சேர்த்திருப்பவரிடம், அது பிழை என்று நினைத்து அந்த 'ஏ'யை எடுத்துவிட்டுப் போர்டை மாட்டிப் பாருங்கள். காசு கொடுத்து ஜோசியரிடம் வாங்கிய எழுத்து அது. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்ட பிறகு ணை, லை, னை, ளை எல்லாம் யானைத் துதிக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டன. ஆனால் ஸ்ரீரங்கத்தில் தாத்தா காலத்துக் கடையைப் புதுப்பிக்கும் ஒருவர், பழைய பலகையில் இருந்தபடியே துதிக்கை 'லை'தான் வேண்டும் என்று கேட்டால், அது பிழையல்ல, பரம்பரை. எழுத்துரு கோளாறு என்று எண்ணி இருபது வயது டிசைனர் திருத்திவிட்டால் அந்தப் பெரியவருக்கு அது வீட்டுப் படத்தைக் கழற்றி எறிந்ததற்குச் சமம்.

அரசே ஒரு தடவை இந்தக் குழப்பத்தை உண்டாக்கியது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி ஆணை வந்தது, அதே மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் அக்ரிலிக்கில் ஊர்ப் பெயரை வெட்டியிருந்தால் அது யார் கணக்கில் போகும்? எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இருக்காது. ஆகவே மௌனமாகத் திருத்தாமலும் மௌனமாக விட்டுவிடாமலும் "அண்ணே, இப்படித்தானே?" என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேட்பதுதான் உள்ளதில் மலிவான வழி. எழுத்தெழுத்தாகப் போனில் படித்துக் காட்டச் சொல்லும் கடைக்காரர்களை எனக்குத் தெரியும். கிறுக்கு என்று பையன்கள் சிரிப்பார்கள். அந்தக் கடையில் 'ற'கர 'ர'கரச் சண்டை மட்டும் வருவதில்லை.

நிறம் அடுத்த சனியன். போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சங்களின் கலவையாக. அச்சு மெஷின் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அடிக்கிறது. திரையில் ஜொலிக்கும் ஆரஞ்சும் பளீர் நீலமும் மையில் மங்கித்தான் வரும். இது கடையின் குற்றமல்ல, இயற்பியல். வினைல் ஒட்டிய ஒளிப் போர்டுக்கு இன்னொரு தொல்லை: பகல் வெயிலில் வெளியிலிருந்து விழும் ஒளிக்கு ஒரு சிவப்பு, இரவில் உள்ளிருந்து வரும் எல்.இ.டி. ஒளிக்கு வேறு சிவப்பு. ஏணியில் இருந்தவர் "லைட் போட்டா எடுப்பாத் தெரியும்" என்று சொன்னது சமாளிப்பு அல்ல, முக்கால் உண்மை. உண்மையைச் சொல்லிய நேரம்தான் தப்பு. ஆர்டர் எடுக்கும்போது வினைல் கம்பெனியின் நிற அட்டையைக் கையில் கொடுத்து, வாசலுக்குப் போய் வெயிலில் பார்க்கச் சொல்லி, அந்த எண்ணைப் பில்லில் எழுதியிருந்தால் இந்த வாக்கியம் விளக்கம். போர்டு ஏறிய பிறகு சொன்னால் அதே வாக்கியம் சால்ஜாப்பு.

அளவு பற்றிய மனக்குறை வேறு விதம். "மொபைல்ல பார்த்தப்ப பெருசா இருந்துச்சு" என்பார்கள். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்பது தொழிலில் உலகம் முழுக்கப் புழங்கும் கைக்கணக்கு: 200 அடி தொலைவில் சிரமமில்லாமல் படிக்க எழுத்து 20 அங்குல உயரம் வேண்டும். மன்னார்புரம் போன்ற அகலமான நெடுஞ்சாலைச் சந்திப்பில் மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 36 அடி கடக்கிறது. 200 அடியைக் கடக்க ஐந்தரை வினாடி. அதற்குள் சிக்னல், ஆட்டோ, பஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மிச்சமிருக்கும் கண்ணால்தான் போர்டைப் படிப்பார்கள். தமிழுக்கு இந்தக் கணக்கைச் சற்றுத் தாராளமாகவே வைக்க வேண்டும். 'கூ', 'ழு' போன்றவற்றின் கீழ்வாலும் மேலே புள்ளியும் 'இ'கர விசிறியும் உயரத்தில் பங்கு கேட்பதால், அடியெழுத்துக்குக் கிடைக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. இதைத் தெரிந்த போர்டுக்காரர், கடைக்காரர் கேட்கும் பதினொரு வரிகளை — பெயர், கிளைகள் இல்லை, பார்சல் உண்டு, இரண்டு போன் நம்பர், முருகன் துணை — ஐந்தாகக் குறைக்கச் சொல்லி அப்போதே ஒரு சின்ன மனத்தாங்கலை வாங்கிக்கொள்வார். சின்ன மனத்தாங்கலை முன்கூட்டி வாங்கினால் பெரியது வராது.

வேண்டுமென்றே மனக்குறையை உண்டாக்க வேண்டிய இடங்களும் உண்டு. மொழி விகிதம் அவற்றில் ஒன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948-இன் 15-ஆம் விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில் மேலோங்கி இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் வரவேண்டும். உணவகங்களுக்கும் இதேபோல் தனி விதி இருக்கிறது. பெங்களூர் டிசைனர் போட்டுக் கொடுத்த ஆங்கில லோகோவைப் பெரிதாக்கி, மூலையில் எறும்பு மாதிரி தமிழை வைக்கச் சொல்லி வருபவரிடம் இதைச் சொன்னால், "நீ போர்டுக்காரனா, தொழிலாளர் துறையா?" என்பார். அபராதம் கட்டுவது அவர்தான். ஆனால் ஆய்வாளர் வந்து போன மறுநாள் போர்டுக்காரருக்குத்தான் முதல் போன் வரும். "உங்களுக்குத் தெரியாதா, சொல்லியிருக்கக் கூடாதா?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று இரும்பு. பிரேமில் காசைக் குறைத்துப் போர்டைப் பெரிதாக்கச் சொல்வார்கள். 2023 ஜூன் 1-ஆம் தேதி கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டகம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். 2024 மே 13-இல் மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி ராட்சதப் பலகை பெட்ரோல் பங்கின் மேல் விழுந்து 17 பேர் மாண்டார்கள். கடை போர்டு அவ்வளவு பெரிதல்ல என்றாலும், ஆடிக் காற்று திருச்சிக்குப் புதிதல்ல. பிரேம் விஷயத்தில் வாடிக்கையாளர் அதிருப்தியோடு வேறு கடைக்குப் போனால் போகட்டும். வாடிக்கையாளர் சொல்வதே சரி என்ற வியாபார வேதம் இங்கே செல்லாது.

மாட்டிய பிறகு மாதங்கள் கழித்து வருகிற குறைகளில் முக்கால்வாசி வெளிச்சம் பற்றியவை. பாதிப் பெயர் எரிகிறது, மீதி எரியவில்லை. கடைசி எழுத்து மட்டும் மங்கல். 12 வோல்ட் மாட்யூல்களை ஒரே சரமாக நீட்டிக்கொண்டே போனால் கடைசியில் இருப்பவற்றுக்கு வோல்டேஜ் குறைந்து மங்கும். சரத்தைப் பிரித்து இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் கொடுத்திருக்க வேண்டும். இது செய்தவரின் குறை, பேசாமல் சரிசெய்து கொடுக்க வேண்டியது. மேற்கு பார்த்த போர்டுக்குள் காற்று போக வழியில்லாமல் அடைத்த பவர் சப்ளை அக்னி நட்சத்திரத்தில் கருகினால் அதுவும் அப்படியே. மாறாக, 2025 ஜூலையில் திருச்சியின் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறிய பிறகு, 'மத்தியப் பேருந்து நிலையம் செல்லும் வழி' என்ற வரி பழசாகிப் போனால் அதைப் போர்டுக்காரர் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் கேட்பார்கள். இந்த மாதிரி நேரத்தில் வினைல் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு கூலியை விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. தர்மம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். நான் அதை மலிவான விளம்பரம் என்பேன், குறையாகச் சொல்லவில்லை.

சட்டத்துக்கு வருவோம். கோபத்தில் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்". போக முடியுமா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்குக்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். எல்லாம் சரி, ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோரே அல்ல. கடை போர்டைவிட வணிக நோக்கமுள்ள பொருள் எது? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை சொன்ன முக்கியமான வழக்கு கோவையைத் தொட்டது. லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கடைசல் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தது. தாமதமாக வந்தது, குறையோடு வந்தது என்று நுகர்வோர் வழக்குப் போட்டது. 1995-இல் வந்த தீர்ப்பு, வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்றது. ஆனால் ஒரு கதவைத் திறந்தும் வைத்தது: தன் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்கியவரும், பிறருக்குத் தட்டிக்கொடுத்துச் சம்பாதிக்கத் தட்டச்சு இயந்திரம் வாங்கியவரும் நுகர்வோர்தான். 2019 சட்டத்திலும் இந்தச் சுயதொழில் விலக்கு தொடர்கிறது. அப்படியானால் தானே டீ ஆற்றும் டீக்கடைக்காரர் போர்டு விவகாரத்தில் நுகர்வோர் என்று வாதாடலாம். ஆறு கிளை வைத்திருக்கும் ஜவுளி முதலாளிக்கு அது கஷ்டம். சின்னவருக்கு வழி இருக்கிறது, பெரியவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே போனால் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் காத்திருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவு, சொன்ன விவரப்படி சரக்கு இருக்க வேண்டும் என்கிறது. 17-ஆம் பிரிவு, மாதிரி காட்டி விற்றால் சரக்கு மாதிரியை ஒத்திருக்க வேண்டும் என்கிறது. 16-ஆம் பிரிவுதான் போர்டுக்காரர் ராத்திரி படுக்கும்போது நினைக்க வேண்டியது: இன்ன காரியத்துக்கு என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் தொழில்திறமையை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும். வாசலில் வெயிலிலும் மழையிலும் தொங்கும் என்று தெரிந்தே உள்அறைக்கான சன்போர்டில் செய்து கொடுத்துவிட்டு, "நீங்கதானே ரேட்டைக் குறைக்கச் சொன்னீங்க" என்பது இந்தப் பிரிவின் முன் நிற்காது. அந்தக் கட்டை விரல் சம்மதத்தின் எல்லையும் இங்கே தெரிகிறது. வாடிக்கையாளர் ஓகே சொன்னது எழுத்துக்கும் அமைப்புக்கும். பசை பிடிக்குமா, இரும்பு தாங்குமா என்பதற்கு அவர் ஓகே சொல்லவில்லை, சொல்ல அவருக்குத் தெரியவும் தெரியாது.

பணத்தை நிறுத்தி வைப்பது எதிர்ப்பக்க ஆயுதம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இன்படி, பதிவு செய்த குறுந்தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வந்துவிட வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதே சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விளக்கம் இருக்கிறது: சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபணை தெரிவித்தால், அந்தக் குறையைத் தீர்த்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். தெரிவிக்காவிட்டால் கைக்கு வந்த நாளே கணக்கு. 'புடிக்கல' என்று ஏழு மாதம் கழித்துச் சொல்லிப் பாதிப் பணத்தை முடக்குவதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் இவ்வளவு துல்லியமாக இருந்தும் மன்னார்புரத்தில் நாலாயிரம் ரூபாய் பாக்கிக்காக யாரும் இந்தச் சட்டம் அமைத்த கவுன்சிலுக்குப் போவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை டீ குடிக்கிற மாதிரி போய் நிற்பார்கள், அவ்வளவுதான்.

பேராசிரியர்களின் பக்கம் ஒரு கூடை நூல் இருக்கிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய சிறு நூல், நைஜீரிய ரயில்வேயைப் பார்த்ததில் தொடங்கியது: மனக்குறை உள்ளவர் ஒன்று விலகிப் போவார், இல்லை வாய் திறந்து சொல்வார், எதைச் செய்வார் என்பதில் பற்றுக்குப் பங்குண்டு. நம் தொழிலில் அட்வான்ஸ் கொடுத்தவர் விலக முடியாததால்தான் அவ்வளவு சத்தம். சத்தம் போடுபவர் இன்னும் நம் பக்கம் இருக்கிறார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவர்தான் அடுத்த கிளை போர்டை வேறிடத்தில் கொடுப்பார். டாக்ஸ், பிரவுன், சந்திரசேகரன் மூவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, குறை சொன்னவர் மூன்று நியாயங்களை எடைபோடுகிறார் என்றது: கையில் என்ன கிடைத்தது, எந்த முறையில் எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது, எப்படி நடத்தினார்கள். போர்டுக்காரர்கள் முதலாவதைப் பற்றியே பேரம் பேசுகிறார்கள், ஐந்நூறு குறைக்கவா ஆயிரம் குறைக்கவா என்று. மற்ற இரண்டுக்கும் செலவே இல்லை.

குறையை நன்றாகத் தீர்த்துவைத்தால், குறையே இல்லாதவரைவிட அவர் அதிகத் திருப்தி அடைவார் என்று ஒரு கருத்து உண்டு. 1992-இல் மெக்கலோவும் பரத்வாஜும் அதற்கு 'மீட்பு முரண்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். மேடைப் பேச்சாளர்களுக்கு இது சர்க்கரைப் பொங்கல். ஆனால் பிரேசில் ஆய்வாளர்கள் டி மாட்டோஸும் கூட்டாளிகளும் 2007-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, திருப்தி கூடுவது உண்மை, ஆனால் திரும்ப வாங்கும் எண்ணமோ பிறரிடம் நல்லபடியாகச் சொல்வதோ அப்படிக் கூடுவதாகத் தெரியவில்லை என்று கண்டார்கள். மேக்ஸமும் நெட்மேயரும் 2002-இல் காட்டியது இன்னும் கறார்: ஒரே ஆளிடம் இரண்டாவது தடவை பிசகினால் இந்த மாயம் வேலை செய்யாது. எல்.இ.டி.யைச் சரிசெய்து கொடுத்து, அது மறுபடி அணைந்தால் முதல் தடவை வாங்கிய நல்ல பெயரும் சேர்ந்து அணையும். சின்னக் குறைக்கு அவசர ஒட்டுப்போடுவதைவிட, ஒரு நாள் கூடக் கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிப்பது மேல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஆய்வுகளுக்கு எட்டாத ஒன்று இங்கே உண்டு. ஒரு கடைக்கு வருஷா வருஷம் போர்டு மாற்றமாட்டார்கள். அதே ஆள் திரும்பி வருவாரா என்பது போர்டுக்காரருக்குப் பெரிய கேள்வி அல்ல. அடுத்த ஆர்டர் பக்கத்துக் கடையிலிருந்து, போர்டை அண்ணாந்து பார்த்தவரிடமிருந்து வருகிறது. அதற்காகத்தான் வலது கீழ் மூலையில் தன் பெயரையும் போன் நம்பரையும் பொடி எழுத்தில் ஒட்டிவிட்டு வருவது. பெயின்டர் காலத்தில் 'ஆர்ட்ஸ்' என்று முடியும் கையெழுத்து இருந்த இடம் அது. மனக்கசப்பு உள்ளவர் அந்த மூலையை நகத்தால் சுரண்டிவிடுவார். நட்சத்திரம் குறைத்துப் போடும் விமர்சனத்தைவிட எனக்கு அது பொருள் பொதிந்ததாகப் படுகிறது.

அந்த மாலைக்குத் திரும்புகிறேன். ஏணியிலிருந்து இறங்கியவர் ரோட்டைத் தாண்டிப் போய்க் கடைக்காரர் பக்கத்தில், அவர் பார்த்த திசையிலேயே நின்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாண்ணே, கார்டை விடக் கொஞ்சம் அடர்த்திதான்" என்றார். கடைக்காரர் எதிர்பார்த்தது சண்டை. அது கிடைக்காததால் நிறத்தைப் பற்றிய பேச்சு தானாக இளைத்துப்போனது. டீ வந்தது. இரண்டாவது மிடறில் நிஜம் வெளியே வந்தது. "அப்பா பேரு கீழ சின்னதாப் போச்சு தம்பி. அம்மா வந்து பார்த்தா என்ன சொல்லும்? அவர் பேர்லதானே கடையே." 'நினைவில்' என்று தொடங்கும் அந்த வரி மூன்றங்குலத்தில் இருந்தது. படத்தில் அவர் ஓகே சொன்னதுதான். போர்டுக்காரர் போனை எடுக்கவே இல்லை. "காலைல எத்தனை மணிக்குண்ணே பூஜை?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகையில் ஏணி மறுபடி நின்றது. பழைய வரியை உரித்து, ஆறங்குலத்தில் புதிதாக வெட்டிய வினைலை ஒட்டி, மேலே இருந்த டேப்பை ஒரு முனையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். சிவப்பு அதே சிவப்பு. கடைக்காரர் உள்ளே வாழைமரம் கட்டும் ஆளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்திருந்த பையன் ஒரு துண்டு ஸ்டிக்கரை நீட்டினான்.

"அண்ணே, நம்ம நம்பர் இன்னும் ஒட்டல."

அவர் கடைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டிக்கரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்டா. அடுத்த வாரம் லைட் பார்க்க வருவோம்ல."